கிரீன் கார்டும் பிறந்த ஊரும்

சென்ற மாதம் எங்கள் ஊர்க் கிளையில் நடந்த ராதா கல்யாணத்தின்போது, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்கா போய்ப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல ஆச்சே, இன்னும் கிரீன் கார்டு வரலையா? என் மச்சினனுக்கு 1971ல ஆறே மாசத்துல வந்துதே! ரெண்டு பேரும் நன்னாத்தானே வேலை பாக்கறா?"

கேட்டதில் தப்பில்லை. நம் சங்கத்தில் பல வீடுகளில் இந்தக் கேள்வி உண்டு. ஆனால் குழந்தைகளிடம்தான் ஏதோ குறை என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. தாமதத்தின் காரணம் அமெரிக்கச் சட்டத்தின் சரித்திரத்தில் இருக்கிறது. நான் படித்துத் தெரிந்துகொண்டதை அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கதவு மூடியிருந்த காலம்

1917ல் வந்த சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியை விலக்கப்பட்ட பிரதேசமாக்கியது. 1923ல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்தவர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1915ல் மனைவி கலாவுடனும் மூன்று பிள்ளைகளுடனும் சான் பிரான்சிஸ்கோ சென்று வியாபாரம் செய்த வைஷ்ணோ தாஸ் பகாய் அவர்களில் ஒருவர். அந்த அவமானம் தாங்காமல் 1928ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தனியாகப் பிள்ளைகளை ஆளாக்கிய கலா, பின்னாளில் சட்டம் மாறியதும் குடியுரிமை பெற்றார். இன்று பெர்க்லி நகரில் ஒரு தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1946ல் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட லூஸ்-செல்லர் சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் தகுதியைத் தந்தது. கூடவே ஓர் ஒதுக்கீடும் வந்தது: இந்தியா முழுமைக்கும் ஆண்டுக்கு 100 பேர்! 1936ல் கல்யாணமாகி 1937 தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானிலையத்துக்குச் சென்ற விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகரும் அவர் மனைவி லலிதாவும் 1953ல்தான் அமெரிக்கப் பிரஜைகள் ஆனார்கள்.

கதவு திறந்த காலம்

1965 அக்டோபர் 3 அன்று, சுதந்திர தேவி சிலையின் அடியில் ஜனாதிபதி ஜான்சன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். இனவாரி ஒதுக்கீடு ஒழிந்தது. கிழக்குப் பாதி உலகில் எந்த நாடானாலும் ஆண்டுக்கு 20,000 பேர் வரை என்று ஆயிற்று. டாக்டர், என்ஜினீயர் போன்றவர்களுக்குத் தனி முன்னுரிமை கிடைத்தது. அப்போது இந்தியாவிலிருந்து கேட்டவர்கள் குறைவு, இடம் அதிகம். பந்தியில் பெரியவர் சொன்ன மச்சினன் போனது அந்தக் காலத்தில். அவர் கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு முன்னால் வரிசையே இல்லை.

வரிசை உண்டான விதம்

இப்போதுள்ள ஏற்பாடு 1990ம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள்; எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. இந்தியாவுக்கும் அதே அளவு, ஐஸ்லாந்துக்கும் அதே அளவு. இதே சட்டம்தான் ஹெச்-1பி விசாவையும் உருவாக்கி, தற்காலிக வேலைக்கு வருபவர் நிரந்தர வாசத்துக்கும் விண்ணப்பிக்கலாம் என்றது. உள்ளே வரும் வாசல் அகலம், தங்கும் வாசல் குறுகல் என்றாகிவிட்டது.

இங்கே இரண்டு நுணுக்கங்கள். முதலாவது, அந்த 1,40,000ல் மனைவி, குழந்தைகளும் அடக்கம். மேல்படிப்பு படித்தவர்களுக்கான இரண்டாம் பிரிவில் இந்தியாவின் பங்கு சுமார் 2,800. மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் மிச்சம் விழுந்தால் கூடுதலாகக் கிடைக்கும். கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றால் ஒரே குடும்பத்துக்கு மூன்று எண்கள் போய்விடும்.

இரண்டாவது, கணக்கில் வருவது பாஸ்போர்ட் அல்ல, பிறந்த இடம். அந்த இடம் இன்று எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டின் வரிசை. தம்பதிகளில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால், இருவரும் அந்த நாட்டின் கணக்கில் போகலாம். சந்திரசேகர் 1910ல் பிறந்தது லாகூரில். அவர் தகப்பனாருக்கு அங்கே ரயில்வே தணிக்கை உத்தியோகம். இன்றைய விதிப்படி அவர் இந்திய வரிசையில் நிற்கவே வேண்டாம். அவரோடு லலிதாவும் போய்விடலாம். அப்பாவுக்கு மஸ்கட்டிலோ குவைத்திலோ உத்தியோகம் இருந்தபோது பிறந்த நம் குழந்தைகளுக்கும் இதே அதிர்ஷ்டம் உண்டு.

கணவனும் மனைவியும்

சட்டத்தின் பார்வையில் வேலை பார்க்கும் தம்பதி இரண்டு பேர் அல்லர். ஒருவர் பிரதான விண்ணப்பதாரர், மற்றவர் அவரைச் சார்ந்தவர். அதுவும், பிரதானமானவருக்குக் கிரீன் கார்டு கிடைப்பதற்கு முன்பே விவாகம் ஆகியிருக்க வேண்டும். 1990களில் 'கிரீன் கார்டு மாப்பிள்ளை' என்று விளம்பரம் பார்த்துப் பெண் கொடுத்தவர்களுக்கு இது தெரியும். ஹெச்-1பி மாப்பிள்ளை கல்யாணமான சில வாரங்களில் பெண்டாட்டியை அழைத்துப்போனார். கிரீன் கார்டு மாப்பிள்ளையின் பெண்டாட்டி வருஷக்கணக்கில் பிறந்தகத்தில் காத்திருந்தாள். 2000 டிசம்பரில் வந்த ஒரு சட்டம், அதற்கு முன் மனுப் போட்டு மூன்று வருஷம் காத்திருந்தவர்களுக்கு மட்டும் 'வி' விசா என்று ஒரு வழி செய்தது.

அதே 2000ல் வந்த இன்னொரு சட்டம், கிரீன் கார்டு மனு நிலுவையில் உள்ளவர்கள் ஆறு வருஷத்துக்கு மேலும் ஹெச்-1பியில் நீடிக்கலாம் என்றது. 2007 ஜூலையில், எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்துவிட்டு, பின்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நம்மவர்கள் கோபத்தைக் காட்டாமல் காந்தி வழியில் அந்தத் துறையின் தலைவருக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்துகள் அனுப்பினார்கள். அவர் அவற்றைக் காயம்பட்ட ராணுவ வீரர்களின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். சில நாட்களில் முடிவு மாறியது. 2015 மே 26 முதல், ஹெச்-4 விசாவில் இருந்த மனைவிமார்களில் ஒரு பகுதியினருக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்தது. கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதை

என் மகள் எலெக்ட்ரானிக்ஸ் படித்து இங்கே ஐந்து வருஷம் வேலை பார்த்தவள். 2013ல் மாப்பிள்ளையோடு போனாள். அவர் கம்பெனி 2016ல்தான் மனுப் போட்டது. அது தேறியது 2017ல். நான்கு வருஷம் அவள் வீட்டில் சும்மா இருந்தாள். போனில் "சமையல் நன்னா வந்துடுத்துப்பா" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கும் என் ஆத்துக்காரிக்கும் தெரியும். 2019ல் அவளுக்கே ஹெச்-1பி கிடைத்தது. அவள் கம்பெனியும் தனியாக மனுப் போட்டிருக்கிறது. இப்போது வீட்டில் இரண்டு ஃபைல்கள். ஒருவர் வேலை போனாலும் மற்றவரை நம்பி இருக்கலாம் என்பதே அவற்றால் ஆன லாபம், வரிசை சுருங்கவில்லை.

பேரன் அங்கே பிறந்தவன், அமெரிக்கப் பிரஜை. பேத்தி 2010ல் நாக்பூரில் பிறந்தவள். 2031ல் அவளுக்கு 21 வயது ஆகும். அதற்குள் முறை வராவிட்டால் அவள் பெற்றோரைச் சார்ந்தவள் இல்லை. தனியாக விசா தேட வேண்டும். 2002ல் வந்த சட்டம், மனு பரிசீலனையில் இருந்த நாட்களை மட்டும் வயதிலிருந்து கழிக்கிறது. வரிசையில் நின்ற வருஷங்களைக் கழிப்பதில்லை. ஒரே அம்மா வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவன் அந்த ஊர்க்காரன், இன்னொருத்தி விருந்தாளி.

பெற்றோர்களுக்கு என் தாழ்மையான யோசனைகள் மூன்று. குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழில் பெயரும் ஊரும் சரியாக உள்ளனவா என்று இப்போதே பாருங்கள். வெளிநாட்டு வரன் பார்க்கும்போது சம்பளத்தோடு விசா நிலையையும், பெண் அங்கே வேலை பார்க்க முடியுமா என்பதையும் கேளுங்கள். மூன்றாவது, "கிரீன் கார்டு வந்ததா?" என்று போனில் கேட்பதை நிறுத்துங்கள். வந்தால் அவர்களே முதலில் நமக்குத்தான் சொல்வார்கள்.

பந்தியில் அந்தப் பெரியவரிடம் இத்தனையும் சொல்ல நேரமில்லை. "மாமா, அவா ரெண்டு பேரும் நன்னாத்தான் வேலை பாக்கறா. பிறந்த ஊர்தான் நாக்பூராப் போயிடுத்து" என்றேன். அவர் சிரித்தார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.