யமஹா டிஎக்ஸ்7

யமஹா நிறுவனம் 1983இல் சந்தைக்குக் கொண்டுவந்த டிஜிட்டல் சிந்தசைசர். 61 கட்டைகள் கொண்டது. ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள் ஒலிக்கும். அமெரிக்காவில் விலை 1,995 டாலர். நம் ஊரில் யமஹா என்றால் ஆர்எக்ஸ் 100 பைக்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நிறுவனத்தின் வரலாறு 1887இல் டோரகுசு யமஹா ஒரு ரீட் ஆர்கனைப் பழுதுபார்த்ததில் தொடங்குகிறது. அதன் சின்னமும் மூன்று இசைக்கவைகளே.

டிஎக்ஸ்7இன் உயிர்நாடி அதிர்வெண் பண்பேற்றம். வானொலிக்காரர்களுக்குப் பழக்கமான இந்த உத்தியைக் கேட்கும் ஒலியிலேயே செய்து பார்த்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங், ஆண்டு 1967. ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலை வேகமாக ஆட்டினால், இரண்டிலும் இல்லாத புதிய சுரங்கள் பக்கவாட்டில் முளைக்கின்றன. 1973இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் மணியோசைக்கு அவர் தந்த கணக்கு எளியது: 200 ஹெர்ட்ஸ் ஊர்தி அலையை 280 ஹெர்ட்ஸ் அலை ஆட்ட வேண்டும். 480, 760, 80 என்று 200இன் மடங்கில் அடங்காத அதிர்வெண்கள் கிளம்பும். திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயில் மணியாகட்டும், வேறெந்த வெண்கல மணியாகட்டும், அதன் மேற்சுரங்களும் இப்படி ஒழுங்கு மீறியே நிற்கும். வீணைத் தந்தியின் மேற்சுரங்கள் ஏறக்குறைய முழு மடங்குகளில் அமைவதால் அதன் நாதம் வேறு. ஆட்டத்தின் வலுவை மெல்லக் குறைத்தால் மணி அடித்து அடங்குவதும் கிடைத்துவிடும்.

அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. யமஹா உரிமம் பெற்றது. ஸ்டான்ஃபோர்டுக்கு அது 2 கோடி டாலருக்கு மேல் வருமானம் தந்தது.

டிஎக்ஸ்7இல் ஒவ்வொரு ஒலிக்கும் ஆபரேட்டர் எனப்படும் ஆறு அலையாக்கிகள், அவற்றை இணைக்க அல்காரிதம் எனப்படும் 32 வழிகள். சுழற்றும் குமிழ்களுக்குப் பதில் தட்டையான பொத்தான்கள், இரண்டே வரி காட்டும் சிறு திரை. புது ஒலி அமைப்பது பெரும்பாலோருக்குப் பிடிபடவே இல்லை. பிரையன் ஈனோ போன்ற சிலர்தான் பொறுமையாக உள்ளே இறங்கினார்கள். மற்றவர்கள் கருவியோடு வந்த ஒலிகளையே வாசித்ததால், அதன் எலக்ட்ரிக் பியானோ ஒலி 1980களின் காதல் பாடல்களையெல்லாம் நிறைத்தது. விசையை அழுத்தி அடித்தால் ஒலி கூடுவதோடு மினுக்கும் கூடும். அந்த உயிர்ப்புதான் வாசிப்பவர்களை மயக்கியது. வெற்றிக்கும் சலிப்புக்கும் காரணம் ஒன்றே என்று சொல்லலாம்.

கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மிடி வசதியோடு வந்த முதல் வரிசைக் கருவிகளில் டிஎக்ஸ்7உம் ஒன்று. கோடம்பாக்கத்தில் இசைக்குழுவோடு இயந்திரமும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கிய காலமும் அதுவே. 1986இல் வெளியான ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு ஸ்வர வரிசைகளைத் தானே வாசிக்கவைக்கும் சீக்வென்சரை இளையராஜா கையாண்டார். அந்தச் சீக்வென்சரை இயக்கியவர் அப்போது திலீப் என்ற பெயரில் அவரிடம் கீபோர்டு வாசித்துவந்த ஏ.ஆர்.ரகுமான். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது கணினிவழி இசையமைப்பு தனி முறையாகவே நிலைபெற்றிருந்தது.

நம் இசைக்கு இந்தக் கருவியில் ஒரு குறை உண்டு. கட்டைகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக்கியே ஒலிக்கும். கமகம் வேண்டுமென்றால் இடக்கை பிட்ச் வீலை விட்டு அகல முடியாது. அதுவும் கை தேர்ந்தவர்களுக்கே வாய்க்கும். ஸ்வரங்களை நுட்பமாகச் சுருதி மாற்றும் வசதி 1987இல் வந்த டிஎக்ஸ்7 II மாடலில்தான் சேர்ந்தது.

அந்த ஆண்டே ரோலண்ட் டி-50உம் அடுத்த ஆண்டு கோர்க் எம்1உம் வந்து, பதிவுசெய்த நிஜ ஒலித்துண்டுகளால் டிஎக்ஸ்7ஐப் பின்னுக்குத் தள்ளின. ஆனாலும் அதன் தொழில்நுட்பம் மலிவான சில்லுகளில் தொடர்ந்தது: 1990களின் கணினி விளையாட்டுகளுக்கு இசை தந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டையில் இருந்தது யமஹாவின் பண்பேற்றச் சில்லு, 2000களின் தொடக்கத்தில் பல கைபேசிகளின் ரிங்டோன்களும் அதே குடும்பச் சில்லுகளிலிருந்து வந்தவை. இன்று டெக்ஸ்டு என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் நிறுவினால், டிஎக்ஸ்7இன் பழைய ஒலிக்கோப்புகளை அப்படியே ஏற்றி வாசிக்கலாம்.