பெற்றால் போதுமா?

கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகள் ஒரு காலத்தில் பெட்டி ஒட்டும் வேலையைக் கரிசல் கிராமத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பின. அது முடியட்டும் என்று ஆலை கைகட்டி நிற்கவில்லை; உள்ளே குச்சி அடுக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன் தொடங்கிய யூனிக்ஸ் கணிப்பொறிக்குச் செய்து வைத்ததும் இதே ஏற்பாடுதான். ‘ஃபோர்க்’ என்றால், ஓடுகிற நிரல் தன் அச்சாக ஒரு பிள்ளையைப் பெறும். 1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழியிலும் அதே சொல்தான். தாய்க்குப் பிள்ளையின் எண் கிடைக்கும். பிள்ளைக்குக் கிடைப்பது பூஜ்யம். (பாகப்பிரிவினையில் இது சகஜந்தானே!)

பிள்ளை பின்னணியில் உழைக்கும். ஆனால், உழைத்து மடிந்ததைத் தாய் ‘வெயிட்’ என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்காத தாய் உயிரோடிருக்கும்வரை அதன் எண் பட்டியலைவிட்டு நீங்காது. யூனிக்ஸ்காரர்கள் அதை ‘ஜோம்பி’ என்பார்கள். நம் ஊரில் நடைப்பிணம். தாயே முந்திக்கொண்டாலோ, முதல் எண்ணுக்குரிய ‘இனிட்’ அந்த அநாதையைத் தத்தெடுத்து, கடைசிக் காரியத்தையும் செய்துவிடும்.