சூழல் யாருடைய சொல்? - கைபேசிச் செயலிகளின் முன்வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

'பயன்படுத்துபவரின் சூழலை அறிந்து செயலியை வடிவமைக்க வேண்டும்' என்பது கைபேசித் தொழிலில் இன்று வேதவாக்கு. ஆள் வீட்டில் இருக்கிறாரா, பஸ்ஸில் போகிறாரா, கையில் பை இருக்கிறதா, சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்து அதற்கேற்பத் திரை மாற வேண்டுமாம். கேட்பதற்கு மனிதாபிமானமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சொல் வேதவாக்காக மாறும்போது அதன் பிறப்பை விசாரிப்பது நம் வேலை. தமிழில் 'சூழ்' என்கிற வேர் இரண்டு பக்கமும் வெட்டும். சுற்றி நிற்பதும் சூழ்தல், கூடி ஆலோசித்துத் திட்டமிடுவதும் சூழ்தல். சூழலும் சூழ்ச்சியும் ஒரே வேரில் முளைத்தவை. கைபேசி வடிவமைப்பின் வரலாற்றிலும் 'சூழல்' என்கிற ஒரே பெயரில் இரண்டு வேறுவேறு காரியங்கள் நடந்துவந்திருக்கின்றன என்பது என் வாதம். ஒன்று, ஆளைக் கண்டுபிடிப்பது. மற்றது, ஆளிடமிருந்து கற்றுக்கொள்வது.

1

1989க்கும் 1992க்கும் இடையில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் ராய் வான்ட், ஆண்டி ஹாப்பர் முதலானோர் 'ஆக்டிவ் பேட்ஜ்' என்றொரு கருவியைச் செய்தார்கள். சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன வில்லை. சுமார் 15 விநாடிக்கு ஒருமுறை தன் அடையாளக் குறியை அகச்சிவப்புக் கதிராக அனுப்பும். அறைகளில் பொருத்தப்பட்ட உணர்விகள் அதைப் பிடித்துக் கணினிக்குச் சொல்லும். எதற்கு? வரவேற்பறையில் இருப்பவர், யார் எந்த அறையில் இருக்கிறார் என்று பார்த்துத் தொலைபேசி அழைப்பைத் திருப்பிவிடுவதற்கு. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் 'ஆளு எங்க இருக்கான்?' என்பது மேஸ்திரிகள் தொன்றுதொட்டுக் கேட்டுவருகிற கேள்வி. கணினி கற்றுக்கொண்ட ஆரம்பகாலச் சூழல் அதுதான் என்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

அதே காலத்தில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில், கணினி மேஜையைவிட்டு இறங்கி எங்கும் நிறைந்திருக்க வேண்டும் என்ற கனவை மார்க் வெய்சர் வளர்த்துக்கொண்டிருந்தார். 1994இல் பில் ஷிலிட்டும் மார்வின் தைமரும் 'சூழல் உணரும் கணினி' என்ற பொருள்படும் தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நீ எங்கே இருக்கிறாய், யாருடன் இருக்கிறாய், அருகில் என்ன இருக்கிறது - இந்த மூன்றும்தான் அன்றைக்குச் சூழலின் முக்கியக் கூறுகள். பின்னாளில் வந்த ஸ்மார்ட்போனின் உடம்பில் இந்த மூன்றும் குடியேறிவிட்டன. கேள்வி என்னவோ பழையதுதான். வில்லையை இப்போது நம் காசிலேயே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறோம், அவ்வளவே.

2

சுவாரசியம் என்னவென்றால், இதற்கான எதிர்க்குரலும் அதே ஜெராக்ஸ் மையத்துக்குள்ளிருந்தே எழுந்தது. அங்கே வேலை பார்த்த மானுடவியலாளர் லூசி சச்மன், உதவி சொல்லும் நகலெடுப்பு எந்திரத்தோடு மனிதர்கள் படும் பாட்டைப் படம்பிடித்து ஆராய்ந்தார். 1987இல் அது நூலாக வந்தது. எந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, எந்த மூடி திறக்கப்பட்டது என்பது மட்டும். முன்னால் நின்ற இருவர் 'இப்ப என்ன செய்யச் சொல்லுது?' என்று தங்களுக்குள் பேசிக் குழம்பியது எதுவும் அதன் காதில் விழவில்லை. ஆனால் காரியம் நடந்ததே அந்தப் பேச்சில்தான். மனிதச் செயல் முன்கூட்டி எழுதிய திட்டத்தின் நிறைவேற்றம் அல்ல, அந்தந்த இடத்தில் கிடைப்பதை வைத்து உருவாகிக்கொள்வது என்றார் சச்மன். 2004இல் பால் டூரிஷ் இதை மேலும் நகர்த்தினார்: சூழல் என்பது அளந்து சேமித்துவைக்கும் தகவல் இல்லை, செயலின் ஊடாகவே அது உண்டாகிறது.

இது வெறும் தத்துவச் சண்டை இல்லை என்பதற்குக் கென்யா சாட்சி. 2005இல் வோடபோனும் சஃபாரிகாமும் அங்கே ஒரு முன்னோட்டம் நடத்தின. குறுங்கடன் வாங்கியவர்கள் தவணையைக் கைபேசி வழியாகக் கட்ட வேண்டும், இதுதான் வடிவமைத்தவர்களின் எண்ணம். ஜனங்கள் வேறு விதமாகப் புழங்கினார்கள். ஊரிலிருக்கும் உறவுக்குப் பணம் அனுப்பினார்கள். பயணத்தில் கையில் ரொக்கம் வேண்டாமென்று கிளம்பும் இடத்தில் போட்டு, சேரும் இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர்கள் ராத்திரிக்குப் பணத்தை அதில் பூட்டிவைத்தார்கள். 2007 மார்ச்சில் எம்-பெசா முறையாக வெளிவந்தபோது கடன் தவணை பின்னுக்குப் போய், வீட்டுக்குப் பணம் அனுப்புவது முன்னுக்கு வந்திருந்தது. சாதாரண போனிலேயே அது வேலை செய்தது. கம்பெனி இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை, லாபத்துக்குத்தான். இருந்தாலும் அங்கே சூழல் என்னவென்று முடிவு செய்தது உணர்வி அல்ல. வடிவமைப்பாளனின் திட்டத்தை மீறிய ஜனங்கள்.

3

இனி நம் பக்கம் வருவோம். 100 நாள் வேலைத் திட்டத்துக்காக 2021இல் மத்திய அரசு ஒரு வருகைப் பதிவுச் செயலியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் கட்டாயமாக்கியது. நாளுக்கு இரண்டு படம், நேரமும் இடமும் பதிந்த படம். சூழலை இதைவிட நன்றாக உணரும் செயலி உண்டா? அட்சரேகை தெரியும், தீர்க்கரேகை தெரியும். ஆனால் மண் அளந்து கூலி போடுகிற வேலை என்பது அதற்குத் தெரியாது. விடிகாலையில் வந்து, குழியை வெட்டி முடித்து, வீட்டில் குழந்தைக்குச் சோறாக்கப் போகிற பெண் இரண்டாவது படத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால் உழைத்த நாளின் கூலி போச்சு. 2023இல் டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் உட்கார்ந்து போராடியது இதற்காகவும்தான். 2025 ஜூலையில் அமைச்சகமே ஒரு சுற்றறிக்கையில், படத்தையே திரும்பப் படமெடுத்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன என்று ஒப்புக்கொண்டு, படங்களை ஆட்களை வைத்துச் சரிபார்க்கச் சொல்லியது. ஆக, மேஸ்திரிக்குப் பதிலாக வந்த செயலிக்கு மறுபடியும் மேஸ்திரி தேவைப்பட்டான். கூலி இழந்த பெண்ணுக்குத்தான் முறையிட அந்தத் திரையில் ஒரு பொத்தான்கூட இல்லை.

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டம் வந்துவிட்டது. சட்டம் போனாலும் அந்தச் செயலி கற்றுக்கொடுத்த பார்வை போய்விடாது. நாளை வேறு பெயரில் நம் வேலையிடத்துக்கு வரும். ஆகவே எழுதுகிறவர்கள், சங்கத்தில் இருக்கிறவர்கள் முன்பு சில கேள்விகளை வைக்கிறேன். கைபேசியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. தொழிலாளர்களை வைத்து இயங்கும் ஒரு செயலி வரும்போது, அது யாருடைய கேள்விக்குப் பதில் சேகரிக்கிறது? வேலை நேரத்தையும் அளவையும் அறிந்தவர்களை யாராவது முன்கூட்டிக் கேட்டார்களா? தப்பு நேர்ந்தால் திருத்தும் அதிகாரம் பணித்தளத்தில் இருக்கிறவர் கையில் உண்டா? பயன்படுத்துபவரின் சூழல் பற்றிய பேச்சு இந்தக் கேள்விகளிலிருந்துதான் தொடங்க முடியும். மற்றபடி நடப்பது இடக்குறிப்பு எடுப்பது மட்டுமே.