கள்ளிமுளையான் கல்லில் ஏறிய கதை

வேடசந்தூர், நத்தம் பக்கத்துக் கரட்டுக்காடுகளில் ஆடு மேய்ப்பவர்களுக்குக் கள்ளிமுளையானை யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. முட்புதரின் நிழலில், இலை என்று ஒன்றே இல்லாமல், நாலு பட்டையாக எழும்பி நிற்கும். ஒடித்து ஓரத்தைச் சீவிவிட்டுப் பச்சையாகவே மெல்வார்கள். வீட்டுக்கு வந்தால் புளியும் மிளகாயும் வைத்துத் துவையல். மழைக்குப் பின் தண்டின் நுனி மெலிந்து நீளும். அந்த மெலிந்த பகுதியில்தான் கருஞ்சிவப்பில் சின்னச் சின்ன நட்சத்திரங்களாகப் பூக்கும்.

அந்தப் பூவைப் படமாக வரைவது லேசான வேலையில்லை. எருக்கம்பூவின் உறவு இது. மற்றப் பூக்களைப் போல மகரந்தம் இதில் பொடியாக உதிராது. மெழுகுப் பைகளாக இரண்டிரண்டாகத் திரண்டு, ஒரு நுண்ணிய கொக்கியில் இணைந்திருக்கும். அந்தப் பைகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன, நடுவிலுள்ள மகுடம் எத்தனை பிளவு என்பதை வைத்துத்தான் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறார்கள். பூவை ஊசிமுனையால் பிரித்து, கண்ணாடிக்கு அடியில் வைத்து, குண்டூசித் தலையளவுகூட இல்லாததைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கி, ஒரு கோடு பிசகாமல் எழுத வேண்டும்.

இந்தச் செடியின் ஒரு வகைக்கு ‘காரலூமா அட்டெனுவாட்டா’ என்று பெயர் வைத்துப் படத்தோடு வெளியிட்டவர் ராபர்ட் வைட். ‘ஐகோனஸ் பிளாண்டாரம் இந்தியே ஓரியண்டாலிஸ்’ என்ற அவருடைய நூலின் நான்காம் தொகுதியில் அது இருக்கிறது. 1838இல் தொடங்கி 1853இல் முடிந்த அந்நூல் ஆறு தொகுதிகளும் 2,101 படங்களும் கொண்டது. தென்னிந்தியத் தாவரங்களைப் படிக்கிற எவரும் இன்றைக்கும் அதைத் தாண்டிப் போக முடியாது. அந்த நூல் பிறந்த கதையில் வைட்டுக்குச் சமமாக இரண்டு பெயர்களைச் சொல்லியாக வேண்டும்: ரங்கையா, கோவிந்து. பல படங்களின் அடியில், சிறிய எழுத்தில், வரைந்தவர் என்று அவர்கள் பெயர் இருக்கிறது.

வைட் ஸ்காட்லாந்துக்காரர். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். 1826இல் மதராஸ் அரசின் இயற்கையியலாளர் பதவி கிடைத்தது. இரண்டே ஆண்டில் சிக்கனம் என்று சொல்லி அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார்கள். நாகப்பட்டினத்துப் படைமனை மருத்துவராகப் போனார். பதவி போனாலும் செடி சேர்ப்பதை விடவில்லை. கூட இருந்தவர் ரங்கையா. தெலுங்கு பேசும் ராஜு ஓவியக் குடும்பத்தவர் அவர், தஞ்சாவூர் ஓவிய மரபோடு தொடர்புடையவர் என்று, இவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எடின்பரோ தாவரவியலாளர் ஹென்றி நோல்டி கருதுகிறார். தெய்வப் படத்தில் நகையின் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக எழுதிப் பழகிய மரபு அது. அந்தக் கைக்கு மகரந்தப் பை அந்நியமாக இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரங்கையாவின் படங்களை வைட் கிளாஸ்கோவிலிருந்த தாவரவியல் பேராசிரியர் வில்லியம் ஹூக்கருக்கு அனுப்பினார். ஹூக்கர் அவற்றைத் தாமிரத் தகட்டில் செதுக்க வைத்து, தம் ‘பொட்டானிக்கல் மிசெலனி’ இதழில் வெளியிட்டார். நாகப்பட்டினத்தில் வரைந்த படம் கடல் தாண்டி அச்சேறியது பெரிய காரியம்தான். ஆனால் தகட்டில் செதுக்குவதற்கு ஆகும் செலவில் ஆயிரக்கணக்கான செடிகளை வெளியிட எந்தத் தனிமனிதனாலும் முடியாது.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தது கல்லச்சு. வழவழப்பாக இழைத்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பிசுக்குள்ள மையால் படத்தை ஏற்ற வேண்டும். கல்லை ஈரப்படுத்தினால் வெற்றிடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கோடுள்ள இடம் தண்ணீரைத் தள்ளும். அச்சு மையை உருட்டும்போது அது கோட்டில் மட்டும் ஒட்டும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். செதுக்குபவர் வேண்டாம், தாமிரம் வேண்டாம். 1831இல் விடுப்பில் ஊருக்குப் போன வைட் இந்தத் தொழிலைத் தாமே கற்றார். அந்த விடுப்பிலேயே தாவரவியலாளர் வாக்கர் ஆர்னட்டுடன் சேர்ந்து தீபகற்பத் தாவரங்களைப் பற்றிய நூலின் முதல் பாகத்தை 1834இல் வெளியிட்டுவிட்டுத் திரும்பினார். பெல்லாரியில் ஒரு படைப்பிரிவில் சேர்ந்து, அதோடு பாளையங்கோட்டைவரை நடந்தே வந்தார்; வழியெல்லாம் செடி பறித்தார்.

1836இல் அரசு அவரை வருவாய்த் துறைக்கு மாற்றிப் பருத்தி, புகையிலை போன்ற பயிர்களை ஆராயச் சொன்னது. அதே ஆண்டு அவர் பழனி மலைக்கு ஏறினார். அடுத்த ஆண்டு ‘மதராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில் அந்த மலையைப் பற்றி எழுதினார். அன்றைக்கு மதுரை ஜில்லாவின் வடபகுதியாக இருந்த திண்டுக்கல் சீமையும் அதன் மலைகளும் அவருடைய செடித் தாள்களில் இடப்பெயர்களாக ஏறியது இப்படித்தான்.

1838இல் சென்னையில் ‘ஐகோனஸ்’ அச்சாகத் தொடங்கியது. கூடவே ‘இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இண்டியன் பாட்டனி’ என்று இன்னொரு நூல். அதன் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். ‘ஐகோனஸ்’ படங்கள் வெறும் கோடுகள். விலை குறைந்தால்தான் படிப்பவர் கைக்குப் போகும் என்ற கணக்கு அது. எனக்கு அந்த வெறும் கோடுகள்தாம் பிடிக்கும். மேலே கிளை, இலை, பூங்கொத்து. கீழே வரிசையாக எண்ணிட்டு மொட்டு, பிரித்த பூ, மகரந்தத்தாள், குறுக்கே வெட்டிய சூலகம், விதை. வண்ணம் இருந்தால் கண் அதிலேயே நின்றுவிடும். இங்கே கோடு மட்டுமே செடியைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் தொகுதிகளில், வைட்டுக்கு முந்திய தாவரவியலாளர் ராக்ஸ்பரோ விட்டுப்போன, அச்சேறாத ஓவியங்களைப் பார்த்து எழுதியவையும் உண்டு. அவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பதினைந்து ஆண்டுகளில் சராசரியாக இரண்டரை நாளுக்கு ஒரு படம் வெளிவந்திருக்கிறது. 1845 வாக்கில் ரங்கையாவின் இடத்துக்குக் கோவிந்து வந்தார். வைட் அப்போது கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிராக்கும் சோதனையில் இருந்தார். பருத்திச் சோதனை எதிர்பார்த்தபடி அமையவில்லை, படங்கள் நிலைத்துவிட்டன.

ஓவியருக்குக் கிடைக்கும் மதிப்பு இடத்துக்கு இடம் மாறும். பிரான்சில் ‘ஐகோனஸ்’ தொடங்குவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நிக்கோலா ரொபேர் என்ற ஓவியர் பதினான்காம் லூயிக்காகத் தோல் தாளில் பூக்களைத் தீட்டினார். அரசரின் ஓவியர் என்ற பட்டமும் சம்பளமும் அவருக்கு இருந்தன. அவர் தொடங்கிய வரிசை இன்றும் பாரிசில் காக்கப்படுகிறது. நம் பக்கம் செண்பகனூரில், பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஆங்லாட் இருபதாம் நூற்றாண்டில் பழனி மலைத் தாவரங்களை நீர்வண்ணத்தில் எழுதினார். அங்குள்ள இயற்கை வரலாற்று நிறுவனம் அவர் பெயரைத் தாங்குகிறது. ரங்கையாவின் பெயரில் நம் ஊர்களில் ஒரு கட்டடமும் எழவில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

வைட் அந்தக் கடனை ஓரளவு தீர்த்தார். 1853இல் வெளியான கடைசித் தொகுதியில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குத் தம் ஓவியரின் பெயரால் ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். ஆளுநர்களுக்கும் புரவலர்களுக்கும் போய்க்கொண்டிருந்த மரியாதை அது. பின்னால் வந்தவர்கள் அந்தச் செடியை ‘டிரோப்பிடியா’ என்ற பழைய பேரினத்தில் சேர்த்துவிட்டதால் கோவிந்தூயா இப்போது வழக்கில் இல்லை.

அந்த 1853ஆம் ஆண்டிலேயே வைட் ஊர் திரும்பினார். கோவிந்து இங்கேயே தொடர்ந்து, தாவர ஆய்வாளர்களான க்ளெக்ஹார்னுக்கும் பெட்டோமுக்கும் வரைந்தார். ரங்கையா, கோவிந்து இருவரின் மூல ஓவியங்களில் பெரும்பகுதி எடின்பரோவிலும் லண்டனிலும் இருக்கிறது. அச்சுப் படங்களுக்கு எந்தப் பதிப்புரிமையும் இல்லை. யாரும் எடுத்து அச்சிடலாம். எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துப் பள்ளிகளில் தாவரவியல் பாடத்துக்குக் கள்ளிமுளையானையும் எருக்கையும் இந்தப் படங்களை வைத்தே சொல்லித்தரலாம். படத்தை வெட்டி ஒட்டும்போது அடியிலுள்ள அந்தச் சின்ன எழுத்தை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.