விலையில்லா எழுத்தும் செல்லம்மாளும்

பாரதி 1921 செப்டம்பரில் இறந்தபோது செல்லம்மாளுக்கு மிஞ்சியவை இரண்டு மகள்களும் கணவரின் எழுத்துகளும். அடுத்த ஆண்டே ‘பாரதி ஆச்ரமம்’ என்ற பெயரில், சகோதரரின் துணையோடு, சுதேச கீதங்களை அச்சிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். கைம்பெண் ஒருத்தி வாசலுக்கு வருவதே பேச்சான காலத்தில் அவர் பதிப்பாளரானார். பாரதியின் மனைவியாக அவரை நினைக்கிற அளவுக்கு, புத்தகத்துக்கு விலை போட்டவராக யாரும் நினைப்பதில்லை.

முதலில்லாத பதிப்பகம் நீடிக்கவில்லை. உரிமை பாரதி பிரசுராலயத்துக்குப் போனது. கிராமபோன் வந்தபோது அதே பாட்டுக்கு இன்னொரு விலை முளைத்தது. ஒலிப்பதிவு உரிமை தனிச்சரக்காகக் கைமாறி ஏவி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. அவருடைய ‘நாம் இருவர்’ (1947) படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாட்டைச் சேர்த்ததும் வழக்கு எழுந்தது. பாரதி எல்லோருக்கும் சொந்தம் என்ற குரல் வலுத்து, 1949இல் ஓமந்தூரார் அரசு உரிமையை வாங்கியது. சில ஆண்டுகளில் அது மக்கள் எல்லோருக்குமானது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘எல்லோருக்கும் சொந்தம்’ என்று மேடையில் முழங்கியவர்களுக்கு வேறு வருமானம் இருந்தது.

இணையம் இந்தப் பழைய வழக்கை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் மதுரைத் திட்டம் தொடங்கியது. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை தட்டச்சு செய்து, பிழை திருத்தி, காசு வாங்காமல் ஏற்றினார்கள். சேலையூரில் இருந்துகொண்டு பாடம் நடத்தும் என்னைப் போன்றவர்களுக்கு அது கன்னிமாரா நூலகம் வீட்டுக்கே வந்த மாதிரி. என் மாணவிகள் பலருக்கு முதல் பத்துப்பாட்டே அதுதான். அதனால்தான், உயிரோடிருக்கும் ஒரு பெண் கவிஞரின் தொகுப்பை வாங்கச் சொன்னால், “பிடிஎஃப் கிடைக்காதா மேம்?” என்று இயல்பாகக் கேட்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுப் பழைய பாட்டையும் போன வருடத்துப் புத்தகத்தையும் கைபேசித் திரை ஒன்றுபோலத்தான் காட்டுகிறது.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளுக்கு உண்டு. 1992க்கு முன் அது 50ஆக இருந்தது. தாகூர் உரிமை முடியும் தறுவாயில் கூட்டினார்கள். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே விடுவிக்க நாட்டுடைமை என்றொரு வழி இருக்கிறது: அரசு ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிடும். 2009இல் கண்ணதாசன், சுந்தர ராமசாமி பெயர்கள் அறிவிக்கப்பட்டபோது இரு குடும்பங்களும் வேண்டாம் என்றன. மறுக்கிற வசதி வாய்த்த குடும்பங்கள் அவை.

விலையைத் தன் கையிலேயே வைத்திருந்த பெண்ணும் நம்மிடம் உண்டு. வை.மு. கோதைநாயகி 1925இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தினார். தொடர்கதையின் அடுத்த பகுதிக்குக் காத்திருந்த பெண்களின் சந்தாதான் பத்திரிகைக்கு உயிர். இலக்கிய வரலாற்று நூல்கள் அவரை ‘வெகுஜன எழுத்து’ என்று ஒரு பத்தியில் முடித்துவிடும். சந்தா கட்டியவர்களைப் பற்றி அந்தப் பத்தியும் பேசாது.

இன்று அந்தச் சந்தா கைபேசிச் செயலிகளுக்கு வந்திருக்கிறது. 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபியில் முதலில் எல்லாம் இலவசம். பிறகு காயின், சந்தா, அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே திறக்கக் கட்டணம். தமிழில் அங்கே எழுதிக் குவிப்பவர்களில் பெண்கள் ஏராளம். கட்டணம் வந்தவுடன், “பொழுதுபோக்குக்கு எழுதுறதுக்கும் காசா?” என்று கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள் ஓடிடி சந்தாவைப் பேசாமல் கட்டுகிறார்கள்.

கேம்ப் ரோடு பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர், பிள்ளைகள் தூங்கிய பின் இரவு பதினொரு மணிக்கு மேல் தொடர் எழுதுகிறார். வாசகர்கள் கொடுப்பது இரண்டு வருடமாகக் கணவரின் வங்கிக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் தன் பெயரில் பான் அட்டைக்கு விண்ணப்பித்தார்.