கழுவிய கைகளும் கணக்கேடும்

மருத்துவமனை நோய் தீர்க்கும் இடம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அவ்விடமே நோய் தரும் இடமாகவும் மாறக்கூடும் என்பதும் உண்மையே. ஆயினும் அதனை ஏற்றுக்கொள்ள மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் ஆயிற்று. அவ்வுண்மை எவ்வாறு வெளிப்பட்டது, வெளிப்பட்ட பின்னும் ஏன் மறுக்கப்பட்டது என்பவற்றை வியன்னா நகரின் மகப்பேற்று மனை ஒன்றின் வரலாற்றைக் கொண்டு இவ்வுரையில் ஆராய்வோம்.

வியன்னாப் பொது மருத்துவமனை 1784ஆம் ஆண்டில் பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் ஆணையால் திறக்கப்பட்டது. அதன் மகப்பேற்றுப் பகுதியை நாடி வந்தோருள் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். மணமாகாத தாய்மாரும் பலர். அவர்களுக்குக் கட்டணமின்றிப் பேறு பார்க்கப்பட்டது. அதற்கு ஈடாக, பயிலும் மாணவர்கள் தங்களைப் பரிசோதிப்பதற்கு அவர்கள் இசைய வேண்டியிருந்தது. 1840ஆம் ஆண்டு முதல் அங்கிருந்த இரு பிரிவுகளில் முதற்பிரிவு மருத்துவ மாணவர்களுக்கும் இரண்டாம் பிரிவு மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டன. ஒருநாள் வருவோர் ஒரு பிரிவிலும், மறுநாள் வருவோர் மற்றதிலும் சேர்க்கப்பட்டனர். ஆகவே, இரு பிரிவுகளிலும் சேர்ந்த தாய்மாரிடையே வறுமையிலோ உடல்நிலையிலோ பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை.

ஆயினும் இறப்புக் கணக்கு வேறு கதை சொல்லிற்று. 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் நிகழ்ந்த பேறுகள் 4,010. இறந்த தாய்மார் 459 பேர். இரண்டாம் பிரிவில் பேறுகள் 3,754; இறந்தோர் 105 பேர். ஒரே கூரையின் கீழ், ஒரே நகரத்துப் பெண்களிடையே, சாவு நான்கு மடங்கு வேறுபட்டது. அவர்களைக் கொன்றது பேறுகாலக் காய்ச்சல் என்னும் நோய். காற்றிலும் வானிலையிலும் பரவும் கேடு அதற்குக் காரணம் என்று பலர் நம்பினர். காற்றுதான் காரணம் எனின், அது ஒரு பிரிவைத் தாக்கி, அடுத்த பிரிவை விட்டுவிடுவது எங்ஙனம்?

இவ்வேறுபாட்டை நகரத்துப் பெண்கள் அறிந்திருந்தனர். முதற்பிரிவில் சேர்க்கப்படுவதை அறிந்ததும் மண்டியிட்டுக் கைகூப்பி, தம்மைத் திருப்பி அனுப்புமாறு மன்றாடியோர் உண்டு. வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்று, பின்னர் மருத்துவமனைக்கு வந்தோரும் உண்டு. வியப்பு யாதெனின், தெருவில் பெற்றவர்களை அக்காய்ச்சல் அரிதாகவே பற்றியது. கணக்கேட்டில் எண்களும், பெண்களின் வாயில் அச்சமும் ஆக இரண்டு சான்றுகள் மருத்துவமனையிலேயே இருந்தன. அவற்றை இணைத்துப் பார்ப்பாரைத்தான் காணவில்லை.

1846ஆம் ஆண்டு சூலை மாதம் முதற்பிரிவின் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றார் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் அங்கேரியர். அவர் ஒவ்வொரு விளக்கத்தையும் எடுத்து உரசிப் பார்த்தார். கூட்ட நெரிசல் காரணமா? இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் மிகுதி. இறக்கும் நிலையிலுள்ளோருக்கு இறுதி வழிபாடு செய்யவரும் பாதிரியாரின் மணியோசை விளைக்கும் அச்சம் காரணமா? பாதிரியாரை மணியின்றி வேறு வழியாக வரச் செய்தார், இறப்பு குறையவில்லை. பேற்றின்போது தாய்மார் படுக்கும் நிலையை மாற்றினார், அதனாலும் பயனில்லை.

1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவருடைய நண்பரும் பேராசிரியருமான யாக்கோப் கொலெட்ச்கா இறந்தார். பிணக்கூறாய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. அவருடைய உடலில் காணப்பட்ட மாற்றங்கள், காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடல்களில் காணப்பட்டவற்றையே ஒத்திருந்தன. இதிலிருந்து செம்மல்வைசுக்கு உண்மை புலனாயிற்று. முதற்பிரிவின் மருத்துவரும் மாணவரும் காலையில் பிணங்களை அறுத்து ஆராய்ந்து, அதே கைகளுடன் தாய்மாரைப் பரிசோதித்தனர். மருத்துவச்சிகளுக்குப் பிணக்கூறாய்வுப் பயிற்சி கிடையாது. நோயைச் சுமந்து வந்தவை மருத்துவரின் கைகளே.

அவ்வாண்டு மே மாத நடுவில், தாய்மாரைத் தொடுமுன் ஒவ்வொருவரும் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று அவர் விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் இருந்த இறப்பு, சூனில் 2.2 ஆகவும் சூலையில் 1.2 ஆகவும் வீழ்ந்தது. 1848ஆம் ஆண்டு முழுமையும் எடுத்துக்கொண்டால், முதற்பிரிவில் 3,556 பேறுகளுக்கு 45 தாய்மாரும், இரண்டாம் பிரிவில் 3,219 பேறுகளுக்கு 43 தாய்மாரும் இறந்தனர். இரு பிரிவுகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. நோய்க்கிருமி யாதென அன்று எவரும் அறியார். கிருமியை அறியுமுன்னரே காக்கும் வழி கிட்டியது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இடையில் மற்றொரு பாடமும் கிடைத்தது. 1847 அக்டோபரில், கருப்பையில் அழுகிய புண்ணுடன் வந்த ஒரு பெண்ணை முதலில் பரிசோதித்துவிட்டு, அதே வரிசையில் மற்றவரையும் பரிசோதித்தனர். அவ்வரிசையில் பன்னிரு தாய்மாருள் பதினொருவர் இறந்தனர். பிணத்திலிருந்து மட்டுமன்றி, உயிருள்ளோரிடமிருந்தும் கை நோயைக் கொண்டு செல்லும் என்பது தெளிவாயிற்று. அதன்பின் ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் கை கழுவுதல் வேண்டும் என்பது விதியாயிற்று.

இவ்வளவு தெளிவான சான்று இருந்தும் செம்மல்வைசின் பணிக்காலம் 1849இல் நீட்டிக்கப்படவில்லை. மறுப்புக்குக் காரணங்கள் பல. அவர் தம் ஆய்வை நூலாக வெளியிட 1861ஆம் ஆண்டு வரை காத்திருந்தார். எதிர்த்தோரைக் கடுஞ்சொற்களால் தாக்கினார். ஆயினும் அடிப்படைக் காரணம் வேறு. அவர் சொன்னதை ஏற்பின், நூற்றுக்கணக்கான தாய்மாரின் சாவுக்குத் தம் கைகளே காரணம் என்பதையும் ஒவ்வொரு மருத்துவரும் ஏற்க வேண்டும். அது தாங்கற்கரிய சுமை. அதனைத் தாங்க மறுத்தவர்கள் காற்றின்மீதே பழி சுமத்தினர். செம்மல்வைஸ் 1865இல் மனநோய் இல்லம் ஒன்றில் இறந்தார். ஈராண்டுகள் கழித்து சோசப் லிஸ்டர் கிருமிநாசினி அறுவை முறையை வெளியிட்டார். கை கழுவுதலுக்குரிய அறிவியல் அடிப்படை பின்னரே உறுதிப்பட்டது.

வியன்னா எழுப்பிய வினா நம் நாட்டுக்கும் ஒருநாள் வந்தது. 2003ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் சிங்கப்பூரை அடைந்தபோது, அது பெரும்பாலும் மருத்துவமனைகளின் உள்ளேயே பரவிற்று. நோயுற்ற 238 பேரில் 97 பேர் சுகாதாரப் பணியாளர்கள். உயிரிழந்த 33 பேருள் மருத்துவரும் தாதியரும் இருந்தனர். மார்ச்சு 22ஆம் நாள் டான் டோக் செங் மருத்துவமனை அந்நோய்க்கென ஒதுக்கப்பட்டது. முகக்கவசமும் பாதுகாப்பு அங்கியும் கட்டாயமாயின, வருகையாளர் கட்டுப்படுத்தப்பட்டனர், பணியாளர்கள் நாள்தோறும் தம் உடல்வெப்பத்தை அளந்து பதிவு செய்தனர். அப்பதிவேட்டைச் சிறிய செயலாக எண்ணலாகாது. வியன்னா மருத்துவர்கள் கேட்க மறுத்த வினாவை, 'நோயைச் சுமப்பவர் நாமாக இருக்கலாமோ?' என்னும் வினாவை, இம்மருத்துவமனைகள் ஒவ்வொரு நாளும் தம்மிடமே கேட்டன. மே 31ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை நோய்த்தொற்றுப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இன்று அந்நிறுவனம் கை தூய்மைக்குரிய ஐந்து தருணங்களை வகுத்துள்ளது: நோயாளியைத் தொடுமுன், தூய்மை தேவைப்படும் சிகிச்சைக்கு முன், உடல்நீர் படக்கூடிய செயலுக்குப் பின், நோயாளியைத் தொட்டபின், அவரது சுற்றுப்புறத்தைத் தொட்டபின். இவற்றைச் சுவரில் எழுதி ஒட்டுவது எளிது. கடைநிலைத் தாதி ஒருவர் மூத்த மருத்துவரைப் பார்த்து, 'ஐயா, கை கழுவவில்லையே' என்று அச்சமின்றிச் சொல்லக்கூடிய சூழலை அமைப்பதே அரிது. பாதுகாப்பான மருத்துவமனைக்கு அச்சூழலே அடித்தளம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துச் செல்லத்தக்கவை இரண்டு என்போம். தமக்கே எதிராகச் சான்று சொல்லும் கணக்கையும் ஒரு நிறுவனம் மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும். வியன்னாவில் அது எழுதப்பட்டிருந்ததால்தான் உண்மையைக் கண்டறிய முடிந்தது. அடுத்து, நோயாளியின் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டும். பல மொழியினர் வாழும் நம் நாட்டில் இதற்கு மொழியும் துணை நிற்க வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த ஒரு மூதாட்டி தம் வலியைத் தமிழில் சொல்லும்போது, அதனைப் புரிந்து உரியவரிடம் சேர்ப்பவர் ஒருவர் அவ்விடத்தில் இருத்தல் வேண்டும். வியன்னாவின் ஏழைப் பெண்கள் மன்றாடிச் சொன்னது உண்மை என்று நிறுவப்படுவதற்குள் எத்தனையோ தாய்மார் இறந்துவிட்டனர்.