நரம்பறுத்து நாடி காத்த வரலாறு

பேராக் மாநிலத்தில், கேமரன் மலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தே அமைந்த ஊர் தாப்பா. அதனைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் 1949ஆம் ஆண்டில் உழைத்த தமிழர்கள் பெற்ற கூலிப் பணத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. அம்மன்னரோ அவ்வேளையில் கால்களில் குருதியோட்டம் குன்றி அல்லலுற்றிருந்தார். காலையே இழக்க நேருமோ என மருத்துவர் அஞ்சினர். அவ்வாண்டு மார்ச் 12ஆம் நாள் பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே அறுவை அறை அமைக்கப்பட்டது. எடின்பரோப் பேராசிரியர் ஜேம்ஸ் லியர்மந்த், மன்னரின் இடுப்புப் பகுதியிலுள்ள பரிவு நரம்பைத் துண்டித்தார்.

நோய் காலில், அறுவை இடுப்பில். இஃது எவ்வாறு பொருந்தும்? குருதிக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் ஆணை பரிவு நரம்பின் வழியே செல்கிறது. ஆணை செல்லும் வழியை அடைத்தால் குழாய் விரியும், குருதி பாயும். முயலின் கழுத்திலுள்ள இந்நரம்பைத் துண்டித்தபோது அதன் காது வெப்பமுற்றதைப் பிரெஞ்சு அறிஞர் குளோது பெர்னார் 1850களின் தொடக்கத்திலேயே கண்டறிந்தார். 1920களில் அர்ஜென்டினாவின் ஹூலியோ தியேசும் பிரான்சின் ரெனே லெரிஷும் இடுப்பு நரம்பறுவையைக் கால் நோய்க்குரிய மருத்துவமாக்கினர்.

இதயமும் இந்நரம்பின் ஆணைக்கு உட்பட்டதே. 1916ஆம் ஆண்டில் ருமேனியாவின் தோமா யோனெஸ்கு, நெஞ்சுவலியோடு இதயத்துடிப்பின் ஒழுங்கும் கெட்டிருந்த ஒருவருக்கு இடப்பக்கப் பரிவு நரம்பை அகற்றினார். பிறவியிலேயே இதய மின்னோட்டம் பிறழ்ந்து, திடீர் மரணத்துக்கு ஆளாகக்கூடிய நோயாளிக்கு இம்முறை பயன்படுமென மாஸ், மெக்டொனால்டு ஆகிய இருவரும் 1971இல் காட்டினர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் கல்யாணம் சிவகுமாரும் அவர்தம் குழுவினரும், மருந்துக்கு அடங்காத துடிப்புக் கோளாற்றில் இருபக்க நரம்பறுவையை ஆராய்ந்தனர். 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில் 121 நோயாளருள் 58 விழுக்காட்டினர் ஓராண்டளவும் அக்கோளாறும் மின்னதிர்ச்சியும் இன்றி இருந்தனர்.

எனினும் நரம்பறுவை எல்லா நோய்க்கும் முடிவன்று. உயர் குருதி அழுத்தத்துக்கு இவ்வறுவை ஒரு காலத்தில் பெரிதும் செய்யப்பட்டது. 1950களில் நல்ல மருந்துகள் வந்தபின் அது கைவிடப்பட்டது. புகைப்போரின் கைகால் குழாய்களை அடைக்கும் பர்கர் நோயிலும், புகையை அறவே விடுத்தலே முதன்மை மருத்துவம்.

மன்னரின் முடிவும் இதனையே உணர்த்துகிறது. கால் காக்கப்பட்டது. ஆயின் பெரிதும் புகைபிடித்தவரான அவருக்கு 1951இல் புற்றுநோயால் இடப்பக்க நுரையீரல் அகற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 6ஆம் நாள் அவர் மறைந்தார். பீடியும் சுருட்டும் தோட்டத்து வாழ்வுக்குப் புதியன அல்ல. அரண்மனையாயினும் தோட்டத்து லயமாயினும் குருதிக் குழாய்க்கு நியதி ஒன்றே. நரம்பை அறுக்க மருத்துவரால் இயலும். பழக்கத்தை அறுக்க வேண்டியவர் நோயாளரே.